சிறு தொண்டு நிறுவனத்துக்கு எந்தத் திட்டமிடல் மென்பொருள்?

தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஆறு கிராமசபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. முன்பு நான்குதான், தண்ணீர் தினமும் (மார்ச் 22) உள்ளாட்சி தினமும் (நவம்பர் 1) 2022-ல் சேர்ந்தவை. ஊரணி தூர்வாரும் வேலையில் இருக்கிற எங்களுக்கு இந்த ஆறு தேதிகளும் மனப்பாடம். ஊர்ப் பொது ஊரணியில் கை வைக்க ஊராட்சித் தீர்மானம் வேண்டும். மே 1 கூட்டத்தில் அது விட்டுப்போனால் அடுத்தது ஆகஸ்ட் 15. அதற்குப் பிறகு அளந்து, அனுமதி வாங்கி, சீமைக்கருவேலத்தை அகற்றி, ஜே.சி.பி. இறக்குவதற்குள் அக்டோபர் பாதி ஓடிவிடும். வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் சேற்றில் வண்டி இறங்காது. அந்த ஊருக்கு ஒரு வருடம் தள்ளிப்போய்விடும்.

தொண்டு நிறுவனத்துக்குத் திட்டமிடல் மென்பொருள் எதற்கு என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது இதைத்தான். யாரோ ஒருவர் தீர்மான நகலை வாங்க மறந்ததற்கு ஓர் ஊர் முழுக்க ஒரு வருடம் காத்திருக்கக் கூடாது.

எங்கள் அமைப்பு சிவகங்கை மாவட்டத்தில் இருக்கிறது. எட்டே பேர். செயலாளர், கணக்கர், ஒருங்கிணைப்பாளராக நான், மீதி ஐந்து பேர் களப்பணியாளர்கள். ஊரணி, சிறு கண்மாய் சீரமைப்புதான் முதல் வேலை. அதே ஊர்களில் மாலைநேரப் படிப்பு மையங்களும் நடத்துகிறோம். ஒரு பருவத்தில் இருபது ஊர் வரைக்கும் ஒரே நேரத்தில் கையில் இருக்கும், ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிலையில். ஓர் ஊரில் தீர்மானம் போட்டாகிவிட்டது, நகல் வரவில்லை. இன்னோர் ஊரில் சர்வேயர் அளந்துவிட்டுப் போய்விட்டார், எல்லைக்கல் பற்றி இரண்டு தெருவுக்கு இடையே பேச்சு முடியவில்லை. கண்மாய் யார் பொறுப்பு என்பதே இடத்துக்கு இடம் மாறும். ஆயக்கட்டு, அதாவது அதன் தண்ணீரில் பாசனமாகும் நிலம், நூறு ஏக்கருக்குள் என்றால் ஊராட்சி ஒன்றியம், அதற்கு மேல் என்றால் நீர்வளத் துறை. எந்த மனு எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்பது இதைப் பொறுத்தது. 2025 ஜனவரியில் எங்கள் மாவட்டம் உட்பட 27 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள். யாரைப் பார்க்க வேண்டும் என்ற விவரத்தை ஊர் ஊராக மாற்ற வேண்டியிருந்தது. இவ்வளவையும் எட்டுப் பேரின் ஞாபகத்தில் வைத்து ஓட்ட முடியாது.

பக்கத்து மாவட்டங்களில் இருக்கும் நண்பர்கள் "நீங்க எத யூஸ் பண்றீங்க?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். போனில் சொன்னால் பாதிதான் போய்ச் சேருகிறது. அதனால் எழுதிவிடுகிறேன்.

முதலில், நமக்குத் தெரிய வேண்டியது என்ன? ஓர் ஊரணியை எடுத்துக்கொண்டால் நான்கே விஷயம். இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது, அடுத்த வேலை என்ன, அதைச் செய்யப் போகிறவர் யார், எந்தத் தேதிக்குள். எத்தனை கனமீட்டர் மண் எடுத்தோம், எத்தனை குடும்பத்துக்குப் பயன் என்பதெல்லாம் அறிக்கைக்கான கணக்கு. அதுவும் தேவைதான், ஆனால் அது வேறு வேலை. இரண்டையும் ஒரே மென்பொருளில் அடக்கப் பார்க்கும்போதுதான் களப்பணியாளர் முன்னால் முப்பது கட்டம் உள்ள படிவம் வந்து நிற்கிறது. அதை யாரும் நிரப்ப மாட்டார்கள்.

எங்களிடம் ஏற்கெனவே இருந்தது ஒரு வாட்ஸ்அப் குழுவும் ஓர் எக்செல் கோப்பும். வாட்ஸ்அப்பை நான் குறை சொல்ல மாட்டேன். அது இல்லாமல் எங்கள் வேலை ஒரு நாள்கூட நகராது. ஆனால் செவ்வாய்க்கிழமை ஒருவர் போட்ட "வி.ஏ.ஓ. வெள்ளிக்கிழமை வரச் சொன்னார்" என்ற செய்தி, புதன்கிழமை வரும் ஐம்பது படங்களுக்கும் குரல்பதிவுகளுக்கும் அடியில் போய்விடும். எக்செல் கோப்பு நன்கொடையாளர் கொடுத்த வடிவத்தில் அலுவலகக் கணினியில் இருந்தது. களத்தில் இருப்பவர்கள் அதைக் கண்ணால் பார்த்ததே இல்லை.

மென்பொருள் தேடத் தொடங்கினால் இணையத்தில் கிடைக்கும் ஒப்பீடுகள் எல்லாம் மேலாளர் பார்வையில்தான் இருக்கும். பெரிய திரை, வண்ண வண்ணமான வரைபடம், மொத்த நிலவரம் ஒரே பார்வையில். பார்ப்பவருக்கு அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்த வரைபடத்துக்குள் தகவலைப் போடப் போகிறவர் வெயிலில், கண்மாய்க் கரையில், ஒரு கையில் நாடாவும் ஒரு கையில் போனுமாக நிற்பவர். அவருக்கு ஒத்துவராத மென்பொருளில் தகவல் இருக்காது. தகவல் இல்லாத வரைபடம் எவ்வளவு அழகாக இருந்து என்ன? அதனால் எங்கள் தேர்வை நாங்கள் அங்கிருந்துதான் தொடங்கினோம். குழுவிலேயே போனோடு அதிகம் பழக்கம் இல்லாதவர் யாரோ, அவர் கையில், அவருடைய சொந்தப் போனிலேயே, ஒவ்வொன்றையும் கொடுத்துப் பார்த்தோம்.

எங்கள் குழுவில் அவர் ஓர் அக்கா. ஐம்பது வயதைத் தாண்டியவர். மகளிர் குழுவில் இருந்து வந்தவர். அவர் பகுதியில் எந்த மடைக்கு யார் பங்காளி என்பது வரைக்கும் தெரியும். அவருடைய ஆண்ட்ராய்டு போனில் இடம் எப்போதும் நிரம்பியே இருக்கும். மின்னஞ்சல் கணக்கு மகன் ஆரம்பித்துக் கொடுத்தது. கடவுச்சொல் மகனுக்கே நினைவில்லை. முதல் முட்டுக்கட்டை அங்கேயே வந்தது. பல மென்பொருள்கள் புதுக் கணக்கு, புதுக் கடவுச்சொல், மின்னஞ்சலுக்கு வரும் உறுதிப்படுத்தல் இணைப்பு என்று மூன்று வாசல் வைத்திருக்கின்றன. போனில் ஏற்கெனவே திறந்திருக்கும் கூகுள் கணக்கை வைத்தே ஒரே தொடுதலில் உள்ளே போக விடுவதை மட்டும் எடுத்துக்கொண்டோம். பட்டியல் உடனே பாதியானது. இது சின்ன விஷயமாகத் தெரியலாம். எந்த ஒப்பீட்டுக் கட்டுரையிலும் இது பெரிதாக வராது. எங்களைப் போன்ற இடத்தில் ஒரு மென்பொருள் வாழ்வதும் சாவதும் இந்த வாசலில்தான்.

உள்ளே போன பிறகு ஒரே ஒரு வேலை கொடுத்தோம். "இந்த ஊரணிய அளந்தாச்சுன்னு பதிவு பண்ணுங்கக்கா." வேறு எதுவும் சொல்லித்தரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவர் விரல் எங்கே போகிறது என்று பார்த்தோம்.

மூன்று வகைகளை இப்படிப் பார்த்தோம். முதலாவது, காண்ட் வரைபடம். நூறு வருடத்துக்கு முன்பு ஹென்றி காண்ட் என்ற அமெரிக்கப் பொறியாளர் தொழிற்சாலை வேலைகளுக்காகப் பரப்பிய முறை. வேலைகள் கிடைமட்டப் பட்டைகளாக இருக்கும். ஒன்று தள்ளிப்போனால் அதை நம்பியிருக்கும் மற்றவையும் தள்ளிப்போவது கண்ணுக்குத் தெரியும். தீர்மானம் தள்ளினால் எல்லாம் தள்ளும் எங்கள் வேலைக்கு, தர்க்கப்படி பார்த்தால் இதுதான் பொருத்தம். ஆனால் கையகலத் திரையில் பட்டைகள் கோடுகளாகிவிடுகின்றன. இடமும் வலமும் தள்ளித் தள்ளிப் பார்ப்பதற்குள் தேதி கண்ணை விட்டுப் போய்விடுகிறது. திட்ட முன்மொழிவு எழுதும்போது காண்ட் மிகவும் உதவும். அப்போது ஒருவர் கணினி முன் உட்கார்ந்து போட்டால் போதும். அதற்கு காண்ட்ப்ராஜெக்ட் என்ற திறமூல மென்பொருள் இருக்கிறது. இலவசம், கணினியில் நிறுவிக்கொள்ளலாம், இணையம் வேண்டாம். போட்டு, அச்செடுத்துச் சுவரில் ஒட்டிவிடலாம். அன்றாடம் புதுப்பிக்கும் வேலைக்கு அதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

இரண்டாவது, கூகுள் ஷீட். இதற்கு நிறைய நல்ல பக்கம் உண்டு. பழகிய வடிவம், செலவில்லை. போனில் தமிழ் தேர்ந்தெடுத்திருந்தால் பொத்தான்களும் தமிழிலேயே வரும். நிலையைத் தட்டச்சு செய்யாமல் கீழ்விரி பட்டியலில் இருந்து தேர்ந்தெடுக்க வைக்கலாம். நான்கு நெடுவரிசைக்கு மேல் போகாத வேலை என்றால், மூன்று நான்கு பேர் கொண்ட அமைப்பு என்றால், இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். எங்களுக்கு இருந்த சிக்கல், ஊர்ப் பெயர் ஒரு பக்கமும் தேதி மறுபக்கமும் இருப்பதால் போனில் இரண்டும் சேர்ந்து தெரியாது. அதைவிட, விரல் பட்டு ஒரு கட்டம் அழிந்தால் அழித்தவருக்கே தெரியாது. பழைய பதிப்பை மீட்டெடுக்கும் வசதி உண்டு, ஆனால் அழிந்திருக்கிறது என்று யாராவது முதலில் கண்டுபிடிக்க வேண்டும். பணக் கணக்கும் மண் கணக்கும் இப்போதும் எங்களுக்கு ஷீட்டில்தான்.

மூன்றாவது, பலகை. ட்ரெல்லோ இதில் எல்லாருக்கும் தெரிந்த பெயர். 2011-ல் வந்தது, 2017-ல் அட்லாசியன் என்ற மென்பொருள் நிறுவனம் வாங்கியது. ஒரு பலகை, அதில் இடமிருந்து வலமாகப் பத்திகள், ஒவ்வொரு பத்தியிலும் அட்டைகள். வேலை நகர நகர அட்டையை அடுத்த பத்திக்கு இழுத்துவிட வேண்டும். அவ்வளவுதான் அதன் முழுத் தத்துவமும். எங்கள் வேலைக்கு இது ஒத்துப்போனதற்குக் காரணம், எல்லா ஊரணியும் ஒரே வரிசையான கட்டங்களைத் தாண்டித்தான் போகிறது. ஓர் ஊரணிக்கு ஓர் அட்டை. அட்டையின் முகப்பில் அந்த ஊரணியின் படம்.

படம் வைத்தது பெரிய வித்தியாசம் செய்தது. ஒரே ஊரில் மூன்று ஊரணி இருக்கும். நாங்கள் எழுதுகிற பெயர் வருவாய்ப் பதிவேட்டில் உள்ளது. ஊர்க்காரர்கள் கூப்பிடுவது வேறு. பெயரைப் படித்து யோசிக்க வேண்டிய இடத்தில் படித்துறையையும் ஆலமரத்தையும் பார்த்தவுடன் எது என்று தெரிந்துவிடுகிறது. அக்கா அட்டையை விரலால் அழுத்திப் பிடித்தார். திரையின் ஓரத்துக்கு இழுத்தார். அடுத்த பத்தி வந்தது, விட்டார்.

"தம்பி, இந்தப் படத்தப் புடிச்சு இங்கிட்டு இழுத்தாப் போதுமா?"

"போதும்க்கா."

"ஆபீசுல உங்களுக்குத் தெரிஞ்சிரும்?"

"உடனே தெரிஞ்சிரும்."

"அப்பறம் எதுக்கு சாயந்தரம் போனப் போட்டு, என்னாச்சு என்னாச்சுன்னு கேக்கப்போறீக? கேக்க வேணாம்ல?"

முடிவு அந்த இடத்திலேயே எடுத்தாகிவிட்டது. நிரப்புகிறவருக்கு அதனால் என்ன மிச்சம் என்பதை அவரே கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார். மாலை ஆறு மணிக்கு மேல் அலுவலகத்தில் இருந்து வரும் விசாரணை போன்கள் அவர்களுக்கு எவ்வளவு பாரமாக இருந்திருக்கின்றன என்பதும் அப்போது தெரிந்தது.

பத்திகளின் பெயர்களையும் அவர்கள் பேசுகிறபடியே வைத்தோம். பேச்சு நடக்குது, தீர்மானம் ஆச்சு, அளந்தாச்சு, அனுமதி வந்தாச்சு, வேலை ஓடுது, கரையும் கன்றும் (கரை வேலையும் மரக்கன்றும்), கணக்கு முடிஞ்சது. இந்த ஏழோடு எட்டாவது ஒன்றை அக்காதான் கேட்டு வாங்கினார். "நிக்கிற வேலைக்கு ஒரு எடம் வேணும்ல தம்பி." அதன்படி 'நிக்குது' என்று ஒரு பத்தி, எல்லாவற்றுக்கும் முதலில். எல்லைத் தகராறு, கையெழுத்துக்காகக் காத்திருப்பது, வண்டிக்காரர் வராதது, எல்லாம் அங்கே வந்து சேரும். அட்டையை அங்கே இழுக்கிறவர் ஏன் நிற்கிறது என்று ஒரே ஒரு வரி போட வேண்டும். திங்கட்கிழமைக் கூட்டத்தில் அலுவலகத் தொலைக்காட்சியில் பலகையைப் போடுகிறோம். அந்த ஒரு பத்தியைப் பேசி முடித்தாலே பாதிக் கூட்டம் முடிந்துவிடுகிறது. களத்தில் ஒரு வேலை நின்றால் அதைச் சொல்வதற்குத் தயங்குகிறவர்கள் உண்டு, தன் மேல் குற்றம் வருமோ என்று. அட்டையை இழுத்து வைப்பது அவர்களுக்கு எளிதாக இருக்கிறது. செயலாளரும் அந்தப் பத்தியைப் பார்த்து யாரையும் கடிந்து பேசுவதில்லை. அது மிக முக்கியம். ஒருமுறை கடிந்தால் மறுநாளில் இருந்து அந்தப் பத்தி காலியாகத்தான் இருக்கும்.

கண்மாய்க்குள் பல இடங்களில் சிக்னல் கிடையாது. ட்ரெல்லோ செயலி இணையம் இல்லாதபோதும் மாற்றத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, சிக்னல் வந்ததும் அனுப்பிவிடுகிறது. நீங்கள் எதைத் தேர்ந்தெடுத்தாலும் இதைச் சோதித்துப் பாருங்கள். போனை விமானப் பயன்முறையில் போட்டு ஒரு மாற்றம் செய்து, பிறகு இணையத்தை இணைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இலவசத் திட்டத்தில், நான் இதை எழுதும்போது, ஒரு பணியிடத்துக்கு (ஓர் அமைப்பின் பலகைகள் எல்லாம் சேர்ந்திருக்கும் இடம்) பத்துப் பேர், பத்துப் பலகை, ஒரு கோப்புக்கு 10 எம்.பி. என்ற வரம்புகள் இருக்கின்றன. எட்டுப் பேருக்கு இது போதும். போன் படங்கள் 10 எம்.பி.க்குள் அடங்கிவிடும், காணொளிகள் அடங்காது. அவற்றை கூகுள் டிரைவில் போட்டு இணைப்பை அட்டையில் ஒட்டுகிறோம். காலவரிசைப் பார்வை, நாள்காட்டிப் பார்வை எல்லாம் கட்டணத் திட்டத்தில்தான். நாள்காட்டிக்கு நாங்கள் கூகுள் காலண்டரையே வைத்துக்கொண்டோம்: ஆறு கிராமசபை, நன்கொடையாளர் வருகை, அறிக்கை நாட்கள்.

மற்றவற்றைப் பற்றிச் சுருக்கமாக. ஆசானா நன்றாக யோசித்துச் செய்யப்பட்ட மென்பொருள். அலுவலகத்தில் கணினியோடு உட்காரும் குழுவுக்குப் பொருந்தும். மண்டே, கிளிக்அப் இரண்டிலும் வசதிகள் மிக அதிகம், அதை அமைத்துப் பராமரிக்கவே ஒருவர் வேண்டும். பேஸ்கேம்ப் எளிமையானது, ஆட்கணக்கு இல்லாமல் மொத்தமாக ஒரே விலை என்ற திட்டமும் அதில் உண்டு, பெரிய அமைப்புகளுக்கு அது லாபம், எட்டுப் பேருக்குக் கட்டுப்படியாகாது. ஜோஹோ ப்ராஜெக்ட்ஸ் நம் ஊர் நிறுவனத்துடையது, ரூபாயில் ஜி.எஸ்.டி.யோடு பில் வரும். கணக்கருக்கு அது பெரிய நிம்மதி. கட்டடம் கட்டுவது போல வேலைகள் ஒன்றை ஒன்று நம்பி நீளமாகப் போகும் திட்டம் உங்களுடையது என்றால் அதை முதலில் பாருங்கள். ஓபன்ப்ராஜெக்ட், டைகா போன்ற திறமூல மென்பொருள்கள் மேல் எனக்கு மரியாதை அதிகம். ஆனால் சொந்தமாக நிறுவினால் சர்வரைப் பார்த்துக்கொள்ள, காப்புநகல் எடுக்க ஆள் வேண்டும். தன்னார்வலராக ஓர் இளைஞர் வந்து நிறுவித் தருவார். அவருக்கு பெங்களூரில் வேலை கிடைத்த பிறகு யார்? இந்தக் கேள்விக்குப் பெயரோடு பதில் இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள்.

இனி பணம். இங்கேதான் நம் நாட்டுத் தொண்டு நிறுவனங்களின் நிலைமை வெளிநாட்டுக் கட்டுரைகளில் இருப்பதில் இருந்து முழுவதும் மாறுகிறது.

மாதம் ஆளுக்கு ஐந்து டாலர் என்பது அவர்களுக்கு ஒரு தேநீர்க் காசு. எங்கள் கணக்கர் அண்ணன் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, இத எந்த ஹெட்ல போட?" என்பதுதான். நியாயமான கேள்வி. சி.எஸ்.ஆர். பணம், அதாவது கம்பெனிகள் சமூகப் பொறுப்பு நிதியில் இருந்து தருவது, என்றால் ஒப்பந்தத்தில் வரி வரியாக எழுதியிருக்கும். மென்பொருள் என்ற வரி அதில் இல்லாவிட்டால் இடையில் சேர்க்கக் கடிதப் போக்குவரத்து நடத்த வேண்டும். வெளிநாட்டு நன்கொடை என்றால், 2020-ல் எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தைத் திருத்தியபோது நிர்வாகச் செலவு வரம்பை 50 சதவீதத்தில் இருந்து 20 சதவீதமாகக் குறைத்துவிட்டார்கள். அந்த இருபதுக்குள் ஏற்கெனவே வாடகையும் தணிக்கைக் கட்டணமும் அலுவலகச் சம்பளமும் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. மென்பொருள் நிர்வாகச் செலவா, திட்டச் செலவா என்பதை வாங்குவதற்கு முன்பே தணிக்கையாளரிடம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த முன்மொழிவு எழுதும்போது தகவல் மேலாண்மை என்று ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள். நன்கொடையாளர்கள் மறுப்பதில்லை, நாம் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

பணம் இருந்தாலும் கட்டுவது இன்னொரு பாடு. பெரும்பாலான அறக்கட்டளைக் கணக்குகளில் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால்தான் பணம் நகரும். டெபிட் கார்டே இருக்காது. கார்டு இருந்தாலும் 2021 அக்டோபரில் இருந்து, மாதாமாதம் தானாகப் பணம் எடுக்கும் முறைக்கு ரிசர்வ் வங்கி முன்கூட்டியே ஒப்புதல் வாங்கும் விதியைக் கொண்டுவந்துவிட்டது. மக்களின் பாதுகாப்புக்கு அது நல்லதுதான். ஆனால் அந்த ஏற்பாட்டில் சேராத வெளிநாட்டு நிறுவனங்களுக்குக் கட்டணம் போகாமல் திரும்பிவிடும், பிறகு கணக்கு முடங்கும். செயலாளர் தன் சொந்தக் கார்டில் கட்டிவிட்டுப் பில் போட்டு எடுத்துக்கொள்வது பல இடங்களில் நடக்கிறது. தணிக்கைக்கு அது அழகில்லை. கட்டண மென்பொருள்தான் வேண்டும் என்றால் வருடத்துக்கு ஒருமுறை, ரூபாய் பில்லுக்கு, வங்கிப் பரிமாற்றத்தில் கட்ட முடிகிறதா என்று முதலில் கேளுங்கள்.

தொண்டு நிறுவனச் சலுகைகளைப் பலர் பயன்படுத்தாமலே இருக்கிறார்கள். கூகுள் வொர்க்ஸ்பேஸின் தொண்டு நிறுவனப் பதிப்பு இந்தியாவில் இலவசமாகவே கிடைக்கிறது. பள்ளிகள், மருத்துவமனைகள், அரசு அமைப்புகளுக்குக் கிடையாது. மைக்ரோசாஃப்ட்டின் பிசினஸ் பேசிக் 300 பேர் வரை இலவசம், அதில் பிளானர் என்ற பலகையும் சேர்ந்தே வருகிறது. அலுவலகம் முழுக்க எக்செல், அவுட்லுக்கிலேயே பழகியிருந்தால் நீங்கள் ட்ரெல்லோ பக்கமே வர வேண்டாம், பிளானர் போதும். ட்ரெல்லோ கட்டணத் திட்டங்களுக்கு 75 சதவீதமும் ஆசானா 50 சதவீதமும் தள்ளுபடி தருகின்றன. சலுகை விதிகள் அடிக்கடி மாறும் என்பதால் விண்ணப்பிக்கும் நாளில் அந்தந்த நிறுவனப் பக்கத்தைப் பாருங்கள். பதிவுச் சான்று, 12ஏ ஆணை (வருமான வரி விலக்குக்கான பதிவு), பான் அட்டை மூன்றையும் ஸ்கேன் செய்து ஒரே இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றிலும் அமைப்பின் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். ஒன்றில் டிரஸ்ட் என்றும் இன்னொன்றில் அறக்கட்டளை என்றும் இருந்தால் சரிபார்ப்பில் வாரக்கணக்கில் நிற்கும்.

தமிழில் எழுதுவது பற்றி. ட்ரெல்லோவின் பொத்தான்கள் தமிழில் இல்லை. அது ஒரு குறை, யாராவது அந்த நிறுவனத்துக்குத் தொடர்ந்து எழுதிக் கேட்க வேண்டும். ஆனால் நாம் உள்ளே போடுவது அத்தனையும் தமிழில் இருக்கலாம், தேடினாலும் கிடைக்கும். களப்பணியாளர்கள் யாரும் தட்டச்சு செய்வதில்லை. விசைப்பலகையில் இருக்கும் ஒலிவாங்கியைத் தொட்டுப் பேசிவிடுகிறார்கள். ஊர்ப் பெயர்கள் சில தப்பாக விழும், மற்றபடி வேலை நடக்கும். வானவில், பாமினி எழுத்துருக்களில் அடித்த பழைய கோப்புகளில் இருந்து வெட்டி ஒட்டினால் மட்டும் புரியாத எழுத்துகளாக வரும். அவற்றை யூனிகோடுக்கு மாற்றிவிட்டுத்தான் போட வேண்டும். இந்த ஒரு வேலையை அலுவலகத்தில் யாராவது பொறுப்பெடுத்து முதல் வாரத்திலேயே முடித்துவிட்டால் நல்லது.

இரண்டு விஷயத்தில் நான் கொஞ்சம் கறாராக இருப்பேன். ஒன்று, பலகையின் உரிமையாளர் அமைப்பின் பெயரில் உள்ள மின்னஞ்சலாக இருக்க வேண்டும். நம் துறையில் ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். திட்டம் முடிந்தால் சம்பளமும் முடியும், போகத்தான் செய்வார்கள். அவர்களுடைய சொந்த மின்னஞ்சலோடு மூன்று வருட வேலையும் போய்விடக் கூடாது. இன்னொன்று, பயனாளிகளின் ஆதார் எண், வங்கிப் புத்தகப் படம், படிப்பு மையக் குழந்தைகளின் முகவரி, எதுவும் பலகையில் வரக் கூடாது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் நிறைவேறியிருக்கிறது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், ஊர்ப் பெண்கள் நம்மை நம்பித்தான் அந்தத் தாளைக் கையில் கொடுக்கிறார்கள். வேலையின் நிலவரம் பலகையில். மனிதர்களின் விவரம் பூட்டிய இடத்தில்.

நீங்கள் தொடங்கப் போகிறீர்கள் என்றால் உடனே எதையும் நிறுவ வேண்டாம். அலுவலகச் சுவரில் பத்திகளைச் சாக்பீஸால் கோடு போட்டு, வண்ணத்தாளில் ஊர்ப் பெயர்களை எழுதி ஒட்டி, சில வாரக் கூட்டங்களை அதை வைத்தே நடத்துங்கள். எந்தப் பத்தி யாருக்கும் தேவைப்படவில்லை, எது விட்டுப்போயிருக்கிறது என்பது அதற்குள் தெரிந்துவிடும். எங்கள் 'நிக்குது' பத்தி போல உங்களுக்கும் ஒன்று, உங்கள் குழுவின் வாயில் இருந்தே வரும். அதற்குப் பிறகு போனுக்கு மாற்றுங்கள். மாற்றிய அன்றே பழைய எக்செல்லை நிறுத்திவிடுங்கள்; இரண்டு இடத்தில் எழுதச் சொன்னால் இரண்டுமே அரைகுறையாகும்.

மேலே எழுதிய பத்திப் பெயர்களை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். வீடு கட்டும் திட்டமோ கழிப்பறைத் திட்டமோ என்றால் நடுவில் உள்ள மூன்று பத்திகளை மாற்றினால் போதும். ஆட்கள் பத்தைத் தாண்டும் நிலை வந்தால், எல்லாரையும் உள்ளே சேர்ப்பதற்கு முன் ஊருக்கு ஒருவர் மட்டும் அட்டையை நகர்த்தினால் போதுமா என்று பாருங்கள். போதாது என்றால் சலுகை விலைக்கு விண்ணப்பித்துவிட்டு, அது கைக்கு வரும் வரை பிளானரையும் ஒருமுறை அதே அக்கா கையில் கொடுத்துப் பார்க்கலாம்.